இடப்பக்கம் இழுத்த படகு

என் கணவர் வின்சன்ட் கோபக்காரர். ஊரில் அதை மரியாதையாக, "வின்சன்ட் அண்ணைக்குக் கொஞ்சம் சூடு" என்பார்கள். கொஞ்சமாம்! எனக்கும் கோபத்துக்குக் குறைவில்லை. ஆனால் எனக்குக் கோபம் வந்தால் சட்டிதான் உடையும். அவர் உடைத்தது வேறு.

அவர் பாலையூற்றில் பிறந்தவர். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. வெள்ளைக்காரரின் கடற்படைத் தளத்தில் எஞ்சின் வேலை பழகினார். ஐம்பத்தேழில் அவர்கள் கப்பலேறியதும் வேலை போய்விட்டது. கூடவே வேலை போனவர் ஜமாலியாவைச் சேர்ந்த அலியார். இரண்டு பேருமாக உட்துறைமுகக் கரையில் தகரக் கொட்டில் ஒன்று போட்டு, மீன்பிடிப் படகுகளின் எஞ்சின்களைத் திருத்தத் தொடங்கினார்கள். வலப்பக்க மேசை வின்சன்டுக்கு, இடப்பக்க மேசை அலியாருக்கு. ஒருவர் கழற்றிய எஞ்சினில் மற்றவர் கை வைக்கக்கூடாது. வாயால் யோசனை சொல்லலாம், ஸ்பானரைத் தொடக்கூடாது. அந்த ஒழுங்கு மட்டும் இல்லாவிட்டால், என் மனுசனின் குணத்துக்கு அந்தக் கூட்டு ஒரு மாரிகூடத் தாங்கியிராது.

எண்பதாம் ஆண்டு நிலாவெளி ஹோட்டலில் தங்கியிருந்த ஒரு ஜெர்மன்காரனின் படகை இவர்கள் திருத்திக் கொடுத்தார்கள். அவன் ஊருக்குப் போகும்போது இரண்டு குட்டி எஞ்சின்களையும் ஒரு ரேடியோப் பெட்டியையும் இவர்களிடம் விட்டுவிட்டுப் போனான். கரையில் நின்று அந்தப் பெட்டியின் பிடியை அசைத்தால், தண்ணீரில் ஓடும் விளையாட்டுப் படகின் சுக்கான் திரும்பும். சீனன்குடாவில் வேலை செய்கிற சில பேர் அப்படி ஒற்றை எஞ்சின் படகுகள் செய்து, ஆவணியில் நிலாவெளியில் போட்டி வைப்பார்கள். இரண்டு எஞ்சின் படகு யாரிடமும் இல்லை. இது போதாதா என் கணவருக்கு?

பலகையில் படகு செய்தார்கள். அதிலும் பழைய ஒழுங்குதான்: வல எஞ்சின் வின்சன்டுடையது, இட எஞ்சின் அலியாருடையது. புரொப்பெல்லர் இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. தண்ணீரில் விட்டதும் படகு சீறிக்கொண்டு போனது. போகப்போக இடப்பக்கம் வளைந்தது. வேகத்தைக் கூட்டினால் ஒரே சுழலாகச் சுழன்று கரைக்கே வந்து முட்டியது.

"உன்ர எஞ்சின் இழுக்கேல்லை" என்றார் வின்சன்ட்.

அலியார் பிளக்கை மாற்றினார். எண்ணெய்த் திருகை இறுக்கினார், தளர்த்தினார். எண்ணெய்த் தாங்கியை உயர்த்தி வைத்தார். படகு இடப்பக்கம்தான் போனது. பற்றரியை வலப்பக்கம் தள்ளி வைத்தும் பார்த்தார்கள். அதற்கும் அது மசியவில்லை. உன்னுடைய எஞ்சினையும் ஒருக்கால் பார் என்று அலியார் சொன்னதற்கு, என் எஞ்சினில் பார்க்க ஒன்றுமில்லை என்று இவர் ரேடியோப் பெட்டியை மணலில் போட்டார். பிறகு, மீன் ஏற்ற வந்த ஆட்கள் எல்லோரும் கேட்க, அதைச் சொன்னார்.

"உன்ர எஞ்சின் எப்பவும் இப்பிடித்தானே. ஹிஸ்புல்லாவைக் கடலுக்குக் குடுத்ததும் உன்ர எஞ்சின்தான்."

ஹிஸ்புல்லா அலியாரின் மனைவி றம்லாவின் தம்பி. சில வருஷங்களுக்கு முன், ஒரு மாரியில், கட்டைபறிச்சானிலிருந்து நெல் மூட்டை ஏற்றிவந்த படகு கொட்டியாரக்குடாவில் கவிழ்ந்ததில் செத்துப்போனவன். அந்தப் படகின் எஞ்சினை அலியார்தான் திருத்தியிருந்தார். ஆனால் மூட்டை கூடிப்போய்த்தான் படகு சரிந்தது; தாழும்போதும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நீந்திக் கரை சேர்ந்தவர்கள் எங்கள் கொட்டிலில் நின்றே அதைச் சொன்னார்கள். பக்கத்தில் நின்று கேட்டவர் என் கணவர். தெரிந்துகொண்டே சொன்னார். இதை நினைக்கும்போது இப்போதும் எனக்குப் பற்றி எரிகிறது. அலியார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை தன் ஸ்பானர், சுத்தியல் ஆயுதங்களை எடுக்க வந்தார். செய்தி கேட்டு நானும் கொட்டிலுக்குப் போனேன். அலியார் ஆயுதப் பெட்டியைக் கட்டுவதையும், இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பதையும் பார்க்க எனக்கு விசர் வந்தது.

"போறதெண்டால் போங்க அண்ணை. போக முன்னம் ரெண்டு எஞ்சினையும் இடம் மாத்திப் போட்டுப் பாப்பம். பிழை எஞ்சினில எண்டால் படகு மற்றப் பக்கம் இழுக்க வேணும்" என்றேன்.

இரண்டு பேரும் அசையவில்லை. ஒருவர் எஞ்சினை மற்றவர் தொடுவதா? நான் ஸ்பானரை எடுத்தேன். அதை வையடி என்று இவர் கத்தினார். வாயை மூடுங்கள் என்றேன். நகம் பிய்ந்தது, இருந்தும் கழற்றி மாற்றிப் பூட்டிவிட்டேன். படகைத் தண்ணீரில் விட்டு, ரேடியோப் பெட்டியை இவர் கையில் திணித்தேன்.

இப்போது இடப்பக்கத்தில் இருந்தது வின்சன்டின் எஞ்சின். படகு இடப்பக்கமே போனது.

வின்சன்ட் ஓடிப்போய்ப் படகைத் தூக்கிப் பின்பக்கத்தைப் பார்த்தார். இரண்டு புரொப்பெல்லரும் ஒரே பக்கமாகச் சுற்றுகின்றன. இரண்டும் சேர்ந்து பின்பக்கத்தை வலப்பக்கம் தள்ள, முன்பக்கம் இடப்பக்கம் திரும்புகிறது. ரேடியோப் பெட்டியின் பிடியை விட்டால் சுக்கான் நேராக நின்றுவிடும், எதிர்த்துப் பிடிக்க ஆளில்லை. பெரிய படகிலும் அது உண்டுதான். அங்கே சுக்கான் பிடிக்கிறவனின் கை, அவனுக்கே தெரியாமல், எதிர்ப்பக்கம் கொஞ்சம் அழுத்திக்கொண்டே இருக்கும். அதனால் இத்தனை வருஷம் எஞ்சினோடு கிடந்த இரண்டு பேருக்கும் அது கண்ணில் படவில்லை.

"சுக்கானை ஒரு பொட்டு வளைச்சால் சரி, அலியார்! உன்ர எஞ்சினில ஒண்டுமில்லை" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. நேற்று ஒன்றுமே நடக்காத மாதிரி! எனக்கு அவரை அந்தப் பெட்டியாலேயே அடிக்கவேண்டும் போல இருந்தது.

அலியார் குனிந்து தன் எஞ்சினை மட்டும் கழற்றினார். எண்ணெயைத் துடைத்துத் துணியில் சுற்றினார்.

"படகைத் திருத்திப்போட்டாய், வின்சன்ட். ஆனா ராத்திரி முழுக்க றம்லா என்னைக் கேட்டுக்கொண்டு இருந்தவ, அண்டைக்கு எஞ்சின் நிண்டதோ எண்டு. இத்தினை வருஷம் ஒருநாளும் கேக்காத கேள்வி" என்றார்.

அதற்குமேல் நிற்கவில்லை. போய் றம்லாவிடம் உங்கள் வாயாலேயே உண்மையைச் சொல்லுங்கள் என்று அன்றைக்கே இவரிடம் சொன்னேன். நாளைக்கு என்றார். ஆவணிப் போட்டி வந்து போனது. ஒற்றை எஞ்சினோடு அந்தப் படகு வலப்பக்க மேசையில் கிடக்க, இடப்பக்க மேசையில் தூசு படிந்தது. ஒவ்வொரு நாளும் இவருக்கு நாளைக்குத்தான்.

கடைசியில் நான் போனேன். எஞ்சின் நிற்கவில்லை, கடைசிவரை ஓடியது என்று கரை சேர்ந்தவர்கள் சொன்னதை அப்படியே றம்லாவிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், தேத்தண்ணி தந்தாள். படலை வரைக்கும் கூட வந்தாள்.

"வின்சன்ட் அண்ணன் ஏன் வரல்ல?" என்று கேட்டாள்.

அன்று நான் ஒரு சட்டியையும் உடைக்கவில்லை. அவருக்குச் சோறும் போடவில்லை.