உப்பளத்தில் எண்ணெய் குடித்த டிஸ்க் பிரேக்

மெக்கானிக்கல் டிஸ்க் பிரேக் சைக்கிள் வாங்கிய நாளிலிருந்தே அதை மரக்காணம் உப்பளத்துக்கு ஓட்டிப் போக வேண்டும் என்று மனசு அரித்துக்கொண்டிருந்தது. உப்பு வாரும் காலம் என்பதால் மாசியில் கிளம்பினேன். பொம்மையார்பாளையத்திலிருந்து கடற்கரைச் சாலையில் சுமார் முப்பது கிலோமீட்டர். விடியற்காலை ஐந்தரைக்குப் புறப்பட்டு, வழியில் டீயும் இரண்டு வடையும் (முப்பது ரூபாய்) சாப்பிட்டு, எட்டு மணிக்குச் சேர்ந்தேன்.

அப்பப்பா! கண்ணுக்கெட்டிய வரை வானத்தையே தரையில் விரித்த மாதிரிப் பாத்திகள். ஓரமெல்லாம் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் போகாதீர்கள், கண் கூசிப்போகும். அங்கே வேலை செய்யும் பாஸ்கர் அண்ணனிடம் சைக்கிளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வாயைப் பிளந்தபடி வரப்பு வரப்பாக நடந்தேன்.

திரும்பி வந்தால் சைக்கிள் பளபளவென்று நிற்கிறது. துடைத்திருக்கிறார், பாவம் என்று நினைத்து ஏறி மிதித்தேன். எதிரே தலையில் உப்புக் கூடையோடு ஒரு அம்மா வரப்பில் ஏறினார். இரண்டு பிரேக்கையும் கைப்பிடி வரை அழுத்தினேன். நிற்கவே இல்லை! "வழி விடுங்க!" என்று அலறிக்கொண்டே ஹேண்டிலை ஒடித்து உப்புக் குவியலில் போய்ச் சொருகினேன்.

எனக்கு அடியில்லை, அந்த அம்மாவுக்கும் ஒன்றுமில்லை. சக்கர நடுவிலிருக்கும் டிஸ்க்கைத் தொட்டால் விரலெல்லாம் எண்ணெய்.

"யாருங்க இதுல எண்ணெய் தடவினது?" என்று கத்தினேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும்.

பாஸ்கர் அண்ணன் ஓடிவந்தார். "நான்தாம்மா. உப்புக் காத்து இரும்பைத் தின்னுடும். என் வண்டிக்கும் தெனம் தடவுறேன். ஆனா ரிம்முல ஒரு சொட்டு படவிடல. பிரேக்கு அங்கதான பிடிக்கும்?"

வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. "இந்தத் தட்டுதாண்ணா பிரேக்கு" என்று காட்டினேன். அவர் முகம் செத்துப்போயிற்று.

குடிக்க வைத்திருந்த தண்ணீர் கேனை அப்படியே தூக்கிவந்து கொடுத்தார். டிஸ்க்கைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினேன். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பேட் எண்ணெய் குடித்துவிட்டால் நம்ப முடியாது. பையிலிருந்த இரண்டு புது ஜோடிகளை முன்னும் பின்னும் மாட்டி, கேபிளை இறுக்கினேன். புதுப் பேட் டிஸ்க்கோடு பழக வேண்டும். வேகமெடுப்பது, மெதுவாகப் பிடிப்பது, விடுவது என்று பல தடவை போய்வந்தேன். நன்றாகவே நின்றது.

அண்ணனுக்குத் திருப்தியில்லை. வரப்பின் நடுவில் போய் நின்றார். "இப்ப என் நேரா ஓட்டிக்கினு வா."

"விளையாடாதீங்கண்ணா!"

"தடவுனது நான். வண்டி எனக்கு முன்னாடி நின்னாத்தான் உன்னை ரோட்டுக்கு அனுப்புவேன்."

மனுஷன் நகரவே இல்லை. மிதித்தேன், பிடித்தேன். அவருக்கு ஒரு முழம் முன்னால் சைக்கிள் ஆணி அடித்த மாதிரி நின்றது.

"நின்னுடுச்சுண்ணா."

அவர் குனிந்து கேபிளைத் தொட்டுப் பார்த்தார். "இந்த நூலு கம்பியா உன்னை நிறுத்துது?" எனக்கும் அதே வியப்புதான்.

உப்புக் காற்றில் ஓட்டினால் அன்றே நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். எண்ணெய் செயினுக்கு மட்டும். இரண்டு ஜோடி பேட் பையில் இருக்கட்டும். சைக்கிளை யாரிடம் விட்டாலும், டிஸ்க்கைத் தொட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் போனவள் நான். கண்ணை இறுக மூடிக்கொண்டு எதிரில் நின்றவர் அவர்.