இமிகிரேஷனில் காதுகுத்துப் பத்திரிகை

மாலத்தீவில் நான் வேலை பார்க்கும் ஓட்டலுக்குச் சீனர்கள்தான் அதிகம் வருவார்கள். பாஸ்போர்ட், ரிட்டர்ன் டிக்கெட், ரூம் புக்கிங் எல்லாம் பிளாஸ்டிக் உறையில் அடுக்கியிருக்கும். விமான நிலையத்தில் இரண்டே நிமிடத்தில் விசா முத்திரை விழுந்துவிடும்.

திருமயத்திலிருந்து வந்த என் சித்தப்பாவோ, நான் படித்துப் படித்துச் சொல்லியும் புக்கிங் தாளை வீட்டிலேயே போட்டுவிட்டு வந்திருந்தார். சீன விருந்தாளிகளுக்காக ஓட்டல் பெயர்ப் பலகையோடு வெளியே நின்ற என்னை இமிகிரேஷன் அதிகாரி உள்ளே கூப்பிட்டார். அவர் மேசையில், புக்கிங் தாளுக்குப் பதிலாகச் சித்தப்பா நீட்டிய, மூலையில் மஞ்சள் தடவிய காதுகுத்துப் பத்திரிகை கிடந்தது.

“ஒன் பேரு போட்டு பக்கத்துலயே மாலத்தீவுன்னு இருக்குல்ல? இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணுமாம் இந்தாளுக்கு?” என்று எகிறினார் சித்தப்பா.

எனக்கு மானம் போயிற்று. வரிசையில் பின்னால் நின்ற சீனப் பெண்மணி என் கையிலிருந்த பலகையைப் பார்த்ததும் பதறிப்போய்த் தன் உறையைத் துழாவிவிட்டு என்னிடம் கேட்டார்:

“இந்த மஞ்சள் தாளை உங்கள் ஓட்டல் எனக்கு அனுப்பவே இல்லையே?”