வேனில் தூங்கிய முகம்

கப்பலூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனியின் வேனில், இரண்டு ஷிப்ட் பார்த்த களைப்பில் வாயைப் பிளந்து தூங்கிய செல்வியக்காவைப் படம் எடுத்து, ஸ்டிக்கராக்கி எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். ஒரே வாரத்தில் ஊரெல்லாம் பரவியது. அக்கா வேலைக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

பதறிப்போய் அவர் வீட்டுக்கு ஓடினேன்.

"என் மக ஸ்கூல் குரூப்புல கூட வந்துருச்சு. இம்புட்டுப் பேரு சிரிக்கிறாக. நான் ஒனக்கு என்னடி செஞ்சேன்?"

காலில் விழுந்தேன். கதவைச் சாத்திக்கொண்டார்.

இப்போது யாரையும் கேட்காமல் படம் எடுப்பதில்லை. பார்ப்பவர்களிடமெல்லாம் கெஞ்சி அந்த ஸ்டிக்கரை அழிக்கவைக்கிறேன். அழகர்கோவிலில் வாக்கப்பட்ட என் தங்கை நேற்று அதையே எனக்கு அனுப்பினாள்.

"இது யாருன்னு தெரியுமாடி?" என்றேன்.

"தெரியாதுக்கா. எல்லாரும் வச்சிருக்காக."