கீரை விதை என்று நினைத்துக் கொடுத்தேன்

அந்த ஞாயிறு காலை பத்தே கால் மணிக்கு, விடுதியிலிருந்து வந்திருந்த மகனிடம் சாதாரணமாகச் சொன்னேன்: "மாடியில நீ வெச்ச புளிச்சக்கீரை முத்திடுச்சுபா. பக்கத்து வீட்டு சரோஜா அக்கா விதை கேட்டாங்க, நேத்து குடுத்தேன்."

அவன் முகம் வெளிறியது. "அது கீரை இல்லம்மா, கஞ்சா. பொண்ணு செடி ஒண்ணே ஒண்ணுதான் வெச்சேன், விதையே வராதுன்னு நெனச்சேன். அதுலயே ஆண் பூவும் பூத்து விதை புடிச்சிருக்குது."

அக்கா வீட்டில் அது முளைத்தால், ஒன்றும் அறியாத அந்த நெசவுக் குடும்பமும் போலீசில் சிக்குமே! செடியைப் பிடுங்கி அழித்துவிட்டு அக்கா வீட்டுக்கு ஓடினோம். பூட்டியிருந்தது. வாசலிலேயே காத்திருந்தோம்.

இப்போதெல்லாம் என்னவென்று உறுதியாகத் தெரியாத எதையும் நான் யாருக்கும் கொடுப்பதில்லை. மகன் வளர்ப்பது என்ன என்று அவனிடமே உட்கார்ந்து கேட்கிறேன்.

அன்று மதியம்தான் அக்கா வந்தார். மகனே எல்லாவற்றையும் சொன்னான். அவர் உள்ளே போய், பிரிக்காத பொட்டலத்தைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"அமாவாசைக்குத் தறி லீவு, அன்னிக்கு விதைக்கலாம்னு வெச்சிருந்தேன்மா. பையன அடிக்காத. அவனே வந்து சொல்லிக்கினு நிக்கிறான் இல்ல."