புதிதாக ஆட வருபவர்களுக்கு

கடைப்பெண் மூன்று பெட்டிகளை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"யாருக்கு சார்? பையனுக்கா, பொண்ணுக்கா?"

"என் வீட்டுக்காரிக்கு."

"முன்னாடி விளையாடியிருக்காங்களா?"

"இருபது வருஷமா."

அவள் கை பெட்டிமேல் அப்படியே நின்றது. "இதெல்லாம் புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு சார்."

"அதுதாம்மா வேணும்," என்றார்.

அவர் பல் செட் செய்பவர். ஒரு பல் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில் வேலை. மேலே டாக்டர் அளவெடுத்து அனுப்பும் வாய்களைப் பிளாஸ்டரில் வார்த்து, மெழுகில் பல் அடுக்கி, இளஞ்சிவப்புப் பிசினில் ஈறு செய்து, தேய்த்துப் பளபளப்பாக்கி மேலே அனுப்புவார். வாய்க்குச் சொந்தக்காரர்களின் முகத்தைப் பார்த்ததில்லை. தெருவில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால் மட்டும் 'அட, நம்ம ஆள்' என்று நின்றுவிடுவார். மனைவி அவரைப் 'பல்லு' என்று கூப்பிடுவாள். கல்யாணத்துக்கு முன்பே வைத்த பெயர்.

அவள் டெலிபோன் ஆபீசில் விசாரணைப் பிரிவில் இருந்தவள். பகலெல்லாம் முன்பின் தெரியாதவர்களுக்கு எண் சொல்லிச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமைகளில் கதை சொல்லும் ஆசை வந்தது என்பாள். நாலு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ஆட்டம் அது. ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம்: மந்திரவாதி, திருடி, கொல்லன். "எதிரே ஒரு குகை. வாசலில் ராட்சசன் தூங்குறான். என்ன பண்ணப் போறீங்க?" என்று அவள் கேட்பாள். பண்ணப்போவதைச் சொல்லிவிட்டுப் பகடையை உருட்டினால், நடந்ததா கவிழ்ந்ததா என்று பகடை சொல்லிவிடும். யாரும் ஜெயிப்பதில்லை, தோற்பதில்லை. கதை நகர வேண்டும், அவ்வளவுதான்.

மந்திரவாதி அவளுடைய தம்பி, பஸ் டிரைவர். திருடி மாடிவீட்டு மருந்துக்கடைக்காரம்மா. கொல்லன் இவர்.

"ராட்சசன் முழிச்சுட்டான்! பல்லு, உன் முறை."

"வாசல் எவ்வளவு அகலம்?"

"பாத்தியா அக்கா," என்பான் மச்சான். "உலகமே அழியப்போகுது, அத்தான் அளவெடுக்கிறாரு."

"விடுப்பா," என்பாள் மருந்துக்கடைக்காரம்மா. "ராட்சசன் வாயைத் திறந்தா அண்ணன் முதல்ல கடைவாய்ப் பல்லைத்தான் பாப்பாரு."

மேசைக்கு இரண்டு சட்டம் போட்டிருந்தாள். புதுப் பகடை எது வந்தாலும், முதலில் ஒரு கண்ணாடி டம்ளர் கெட்டியான உப்புத் தண்ணீரில் அதைப் போட்டுப் பார்க்க வேண்டும். நல்ல பகடை மிதக்கும். சுண்டச் சுண்ட வேறு வேறு முகம் காட்டும். ஒரு பக்கம் கனமாக இருந்தால் எத்தனை சுண்டினாலும் ஒரே முகத்தைத்தான் காட்டும். அதைத் தூக்கி எறிந்துவிடுவாள். இரண்டாவது சட்டம், ஏமாற்றியவன் மேசையை விட்டு எழுந்துவிட வேண்டும். மச்சான் ஒருமுறை முழங்கையால் பகடையைத் தட்டிவிட்டு, பொழுது சாயும்வரை பால்கனியில் நின்றான். டீ ஜன்னல் வழியாகத்தான் போயிற்று. கூடப் பிறந்தவனாயிற்றே என்று பார்க்கவில்லை.

நோய் வந்தது அந்தக் கதைக்குள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டைத் தாண்டி ஒரு மரப்பாலத்துக்குக் கூட்டிவந்தாள். அடியில் கறுப்புத் தண்ணீர், மூன்றாவது பலகை உடைந்திருக்கிறது. தாண்டினார்கள். அடுத்த வாரம் அதே பாலம், அதே உடைந்த பலகை. அதற்கடுத்த வாரமும்.

வேறு எந்த வீட்டிலும் யாராவது பதறியிருப்பார்கள். இவர்கள் குதூகலித்தார்கள். காட்டின்மேல் மாயம் இருக்கிறது, வழி வட்டமாகச் சுற்றுகிறது, அக்கா நம்மைச் சோதிக்கிறாள் என்றார்கள். மச்சான் பலகைக்கு மந்திரம் போட்டான். மருந்துக்கடைக்காரம்மா பாலத்துக் கயிற்றில் முடிச்சுப் போட்டு அடையாளம் வைத்தாள். இவர் பலகையின் நீளத்தைக் கேட்டு எழுதிவைத்துக்கொண்டார். ஒவ்வொரு வாரமும் ஒரே நீளத்தைச் சொன்னாள். அபாரமான கதை, இவ்வளவு நாளில் இப்படி ஒன்று சொன்னதில்லை என்று பேசிக்கொண்டார்கள். பாராட்டும்போதெல்லாம் அவள் கொஞ்சம் குழம்பிச் சிரித்தாள். அதையும் நடிப்பு என்று நினைத்தார்கள்.

மாயத்தை உடைப்பது எப்படி என்று அவர்கள் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், அவள் ஆபீசிலிருந்து வீட்டுக்கு வரும் வழி தெரியாமல் பஸ் டிப்போவில் உட்கார்ந்திருந்தாள். மச்சானின் டிப்போ என்பதால் கண்டுபிடிக்க முடிந்தது.

மூளை டாக்டர் ஸ்கேன் படங்களைப் பார்த்துவிட்டு இவரிடம் மெதுவாகப் பேசினார். மெதுவாகப் பேசுகிறவர்களிடம் கேட்க ஒன்றும் இருப்பதில்லை. வெளியே வந்ததும் அவளே சொன்னாள்.

"பல்லு, ஒண்ணு கேட்டா செய்வியா?"

"சொல்லு."

"கதை இனிமே என்னால ஆகாது. நீ சொல்லு. ஆனா என்னை மேசையிலேருந்து எழுப்பிடாத."

"எழுப்பமாட்டேன்."

அதற்குப் பிறகு அவர் வேண்டிக்கொண்டதெல்லாம் அது ஒன்றுதான். அவள் மேசையில் இருக்க வேண்டும்.

பழைய ஆட்டத்தின் விதிப்புத்தகம் செங்கல் கனம். அதனால்தான் கடைக்குப் போய் அந்த மூன்று பெட்டிகளையும் வாங்கிவந்தார். முதல் பெட்டியில் வேடங்கள் தயாராக இருந்தன. அட்டையில் பெயர், படம், பலம் எல்லாம் அச்சடித்திருந்தது. அவள் வில்லாளியை எடுத்தாள். உருட்டியதோடு மூன்றைக் கூட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும், எதற்கு மூன்று என்று கேட்டாள். ஒவ்வொரு முறையும் வில்லுக்காக என்று சொன்னார்கள். ஒரு நாள் அட்டையைத் திருப்பிப் பார்த்து, "இந்தப் பொண்ணு யாரு? அழகா இருக்கா," என்றாள்.

இரண்டாவது பெட்டியில் கூட்டல் இல்லை. வேடத்துக்குப் பதில் படச்சீட்டு: கயிறு, விளக்கு, சாவி. எதையாவது எடுத்து என்ன செய்வாய் என்று சொன்னால் போதும். கொஞ்ச நாள் நன்றாகப் போயிற்று. பிறகு சீட்டுகளை அடுக்கி, நிறம் பார்த்துப் பிரித்து வைக்க ஆரம்பித்தாள். பிரித்து முடியும்வரை மூன்று பேரும் கைகட்டிக் காத்திருந்தார்கள்.

மூன்றாவதில் ஒரே ஒரு தாள். ஒரே பகடை. பெரிய எண் நல்லது, சின்ன எண் கெட்டது. இதற்குக் கீழே போக வேறு ஆட்டமே இல்லை என்று கடைப்பெண் சொல்லியிருந்தாள்.

அன்று அவளுக்கு ஒன்று விழுந்தது. திரும்பவும் ஒன்று. மச்சான் 'இன்னொரு தடவை போடுக்கா' என்றான். இரண்டு. அவள் பகடையை வைத்துவிட்டுக் கைகளை மடியில் போட்டுக்கொண்டாள்.

"நான் எது செஞ்சாலும் தப்பாத்தான் ஆகுமா?"

"இது சும்மா விளையாட்டும்மா," என்றார் அவர்.

"நான் போய்ப் படுத்துக்கறேன்."

மறுநாள் கீழ்த்தள அறையில், யாரோ ஒருவரின் கீழ்த்தாடைப் பல் செட் வெந்நீரில் வேகும் நேரத்தில், அவர் மிச்சப் பிசினில் ஒரு பகடை வார்த்தார். ஒன்று இருக்கும் முகத்துக்குள் ஓர் உலோகத் துணுக்கை வைத்து மூடினார். பல் செட்டுக்குக் கம்பி செய்து மிஞ்சியது. தேய்த்துப் பளபளப்பாக்கினார். பார்க்க ஈறு நிறத்தில் ஒரு மிட்டாய் மாதிரி இருந்தது. உருட்டினார், ஆறு. திரும்பவும் உருட்டினார், ஆறு. பையில் போட்டுக்கொண்டார்.

இரண்டு ஞாயிறு அவள் ராட்சசனை வென்றாள், ஆற்றைத் தாண்டினாள், பூட்டைத் திறந்தாள். ஆறு விழுந்தபோதெல்லாம் கைதட்டினாள். மச்சான் அவரைப் பார்க்காமல் கைதட்டினான்.

மூன்றாவது ஞாயிறு, உருட்டப்போனவள் நிறுத்திவிட்டுப் பகடையைக் காதருகே வைத்துக் குலுக்கினாள். உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தாள்.

"இதைத் தண்ணியில போட்டீங்களா?"



"போட்டாச்சுக்கா," என்றான் மச்சான்.

"எப்ப? நான் பாக்கலியே."

"நீ மறந்திருப்ப."

சொன்ன பிறகுதான் அவனுக்கே கேட்டது போலிருந்தது. மருந்துக்கடைக்காரம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவர் மனைவி கோபப்படவில்லை.

"மறந்திருப்பேன். பரவால்ல, இன்னொரு தடவை போட்டுப் பாக்கலாம்."

எழுந்து சமையலறைக்குப் போனாள். டீத்தூள் டப்பா எங்கே என்று தினமும் தேடுபவள், உப்பை நேராகப் போய் எடுத்தாள். டம்ளரில் அள்ளி அள்ளிப் போட்டுக் கலக்கினாள். கரையாத உப்பு அடியில் படியும்வரை போட்டாள். அவர் பின்னாலேயே போய் நின்றார். டம்ளரைத் தட்டிவிடலாம். கை வரவில்லை.

பகடை மிதக்கவில்லை. நேராக உள்ளே போய், ஆறு மேலே தெரிய உட்கார்ந்தது. அவள் கரண்டியால் புரட்டினாள். திரும்பவும் ஆறு. இன்னொரு முறை. ஆறு.

டம்ளரோடு மேசைக்கு வந்தாள். குரல் அந்தப் பழைய டெலிபோன் குரல்.

"இதைச் செஞ்சது யாரு?"

"நான்தான்," என்றார்.

"எழுந்து போ பல்லு."

"அக்கா, உனக்காகத்தான் அத்தான்..."

"நீ சும்மா இரு. சட்டம்னா சட்டம்."

அவர் பால்கனிக்குப் போனார். கதவை அவளே சாத்தினாள். கீழே தெருவில் ஒருவர் குடையைச் சரிசெய்துகொண்டிருந்தார். மழை இல்லை. உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. கதை சொல்ல ஆளில்லாமல் போனதால் அவளே ஆரம்பித்துவிட்டாள். அந்தக் குரலைக் கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது. நிதானமாக, ஒரு சொல்லும் தடுக்காமல் வந்தது.

"காடு முடியுது. எதிர்ல ஒரு மரப்பாலம். அடியில கறுப்புத் தண்ணி. மூணாவது பலகை உடைஞ்சிருக்கு. என்ன பண்ணப் போறீங்க?"

 பலகையின் நீளத்தைக் கேட்க வேண்டியவர் வெளியே நின்றுகொண்டிருந்தார். மருந்துக்கடைக்காரம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கயித்தைப் பிடிச்சுப் பாக்கறேன்," என்றாள்.

"பிடிச்சுப் பாரு. ஏற்கெனவே யாரோ முடிச்சுப் போட்டிருக்காங்க."

மச்சான் என்னவோ சொன்னான். பகடை உருண்டது. பழைய பகடை, சத்தத்திலேயே தெரிந்தது. பிறகு காலடிச் சத்தம் கதவை நோக்கி வந்தது.

கதவு திறந்தது. அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். முகத்தில் கோபம் துளியும் இல்லை. வாசலில் ரொம்ப நேரம் யாரையோ நிற்க வைத்துவிட்ட வீட்டுக்காரியின் சங்கடம்தான் இருந்தது.

"ஐயோ, இங்கயே நிக்கிறீங்களே சார். உள்ள வாங்க. எங்களுக்கு ஒரு ஆள் குறையுது."

அவர் அசையவில்லை.

"முன்னாடி விளையாடியிருக்கீங்களா?"

உள்ளே மச்சான் எழுந்து நின்றுவிட்டான்.

"இல்ல," என்றார்.

"பயப்படாதீங்க, ரொம்ப சுலபம். நான் சொல்லித் தர்றேன்." அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவருடைய நாற்காலிதான். "என்ன வேணும்னு கேளுங்க, எது கேட்டாலும் சொல்றேன்."

அவர் உட்கார்ந்தார். டம்ளர் அங்கேயே இருந்தது, அடியில் ஆறு. மூன்று பேரும் அவர் வாயைப் பார்த்தார்கள்.

"அந்தப் பலகை," என்றார், "எவ்வளவு நீளம்?"