சூடேறாத வண்டி

என் அக்கா வீட்டுக்காரரை ஊரில் 'கழட்டி' என்றால்தான் தெரியும். எஞ்சின் கொதிக்கிறது என்று யார் வண்டியைக் கொண்டுவந்தாலும், முதலில் தெர்மாஸ்டாட்டைக் கழற்றி மேசைமேல் போட்டுவிட்டுத்தான் என்ன ஏது என்று கேட்பார். எஞ்சினுக்குத் தண்ணீர் ஓடும் வழியில் இருக்கும் சின்ன மூடி அது. எஞ்சின் சூடாகும்வரை மூடியிருக்கும், சூடானதும் திறக்கும். சில சமயம் மூடியபடியே சிக்கிக்கொள்ளும், வண்டி கொதித்துவிடும். புதிதாக ஒன்று மாட்டுவதுதான் முறை. மாமாவுக்கு முறையும் கிடையாது, பொறுமையும் கிடையாது.

"அது இல்லாம வண்டி ஓடுமாண்ணே?" என்று கேட்பார்கள்.

"ஜம்முன்னு ஓடும். வண்டிய நீ ஓட்டுறியா, அது ஓட்டுதா?"

பட்டறைக்கு எதிரில் உதிரிபாகக் கடை வைத்திருப்பவன் நான். என் கடையில் தெர்மாஸ்டாட் டப்பாக்கள் தூசி பிடித்துக் கிடந்ததற்கு ஒரே காரணம் அவர்தான். மாமாவே ஆனாலும் வயிற்றெரிச்சல் இருக்காதா? ஆனால் எங்கள் ஊர் மலையடிவாரம், வெயில் மண்டையைப் பிளக்கும். அது இல்லாத வண்டிகளும் இங்கே ஓடிக்கொண்டுதான் இருந்தன. டீசல் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும், எஞ்சின் சீக்கிரம் தேயும். உடனே யார் கண்ணுக்கும் அது தெரியாது.

மலைமேல் இருக்கும் ஊரிலிருந்து விடியற்காலையில் பால் வேன் ஓட்டி வருபவனுக்கு 'விசில்' என்று பெயர். வாய் ஓயாமல் சீட்டி அடிப்பான். வலது கையில் சுண்டுவிரல் கிடையாது, எப்போதோ ஃபேன் பெல்ட் வாங்கிக்கொண்டுவிட்டது. அவன் வேனிலும் மாமா கழற்றினார். பத்து நாளில் திரும்பி வந்தான்.

"அண்ணே, வண்டி சூடே ஏற மாட்டேங்குது. சூடு காட்டுற முள்ளு அடியிலயே படுத்துக் கெடக்கு. ஹீட்டர் போட்டா ஜில்லுன்னு காத்து வருது. மலை எறங்கும்போது கண்ணாடி உள்பக்கமா பனி மூடிக்குது, சூட்டுக் காத்து இல்லாம கலைய மாட்டேங்குதுண்ணே."

மாமா வயிறு குலுங்கச் சிரித்தார். "ஊர்ல அத்தன பேரும் சூடாகுதுன்னு வந்து அழறான். நீ ஒருத்தன்தான்டா சூடாகலன்னு அழற. ஒரு துணிய வச்சுத் தொடச்சுக்கோ, போ."

நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த வாரமே, மலைப்பாதையின் மூன்றாவது வளைவில், வேன் திரும்பாமல் நேராகப் பள்ளத்தில் போய் விழுந்தது. விசில் அங்கேயே செத்துப்போனான். தூங்கிவிட்டான் என்றார்கள். குடித்திருந்தான் என்று இரண்டு பேர் கூசாமல் சேர்த்துக்கொண்டார்கள். சீட்டி அடித்துக்கொண்டே வருபவன் எப்படித் தூங்குவான் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பேச்செல்லாம் அவன் மனைவி காதுக்கும் போனது.

விசாரணை முடியும்வரை வேனை மாமாவின் பட்டறையில் நிறுத்தச் சொன்னார்கள். பக்கவாட்டில் உருண்டதில் உடம்பெல்லாம் நசுங்கியிருந்தது, முன்கண்ணாடியில் மட்டும் ஒரு கீறல் இல்லை. மறுநாள் காலை, எங்களுக்கு வியர்த்து ஒழுகிக்கொண்டிருந்தபோது, அந்தக் கண்ணாடி உள்பக்கமாகப் பனி படிந்து வெளுத்திருந்தது. ஓட்டுபவரின் முகத்துக்கு நேரே கையகலத்துக்கு, விரல் தடம் தெரியத் துடைத்திருந்தது. கதவு பூட்டியிருந்தது. சாவி மாமா பையில்.

"பூனை கீனை ஏறியிருக்கும் மாமா."

"பூனைக்கு வெரலு இவ்ளோ நீளமாடா?"

பெருவிரலைச் சேர்த்தும் நாலு விரல்தான் இருந்தது. ஐந்தாவதுக்கு இடம் காலியாக இருந்தது. மாமா கதவைத் திறந்து அழுத்தித் துடைத்தார். அடுத்த நாளும் இருந்தது. தார்ப்பாய் போட்டு மூடிப் பார்த்தோம். பட்டப்பகலில், பட்டறையில் ஆள் நடமாட்டம் இருக்கும்போதே, தார்ப்பாய்க்குள்ளிருந்து ஈரக்கை கண்ணாடியில் இழுபடும் சத்தம் கேட்டது. கீச். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கீச். மாமா ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என் கடைக்கு நடந்து வந்தார்.

"மாப்ள, தெர்மாஸ்டாட் எத்தன வச்சிருக்க?"

"வெளையாடுறீங்களா மாமா?"

"எத்தன இருக்குன்னு கேட்டேன்."

மலைக்குப் போகும் வண்டிகளை எல்லாம் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். சும்மா பார்த்துத் தருகிறேன் என்று சொல்லி, தான் கழற்றிய இடத்தில் எல்லாம் புதிதாக மாட்டினார். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டேன்.

பாக்கி இருந்தது ஒரே ஒரு வண்டி, என் அக்காவுடையது. அக்கா மலைமேல் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாரத்தில் மூன்று நாள் அங்கேயே தங்கி, வெள்ளிக்கிழமை காலையில் இறங்குவாள். வீட்டில் ஒரு கரண்டி இடம் மாறினாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். பானட்டைத் திறந்தால் எதுக்கு என்று கேட்பாள், அவள் கேட்டால் மாமாவுக்குப் பொய் வராது. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று மூன்று வாரம் தள்ளினார்.

"உங்க மானம் பெருசா, எங்கக்கா உசுரு பெருசா?" என்று ஒருநாள் கத்தியே விட்டேன்.

"ஒரு ஆளையே கொன்னுட்டேன்னு தெரிஞ்சா அவ என் மூஞ்சியில முழிக்க மாட்டாடா," என்றார்.

நாலாவது வெள்ளிக்கிழமை கடையைத் திறக்கப் போனேன். மாமா தார்ப்பாயைக் கையில் பிடித்தபடி வேனுக்கு முன்னால் நின்றிருந்தார். கண்ணாடி காய்ந்து பளிச்சென்று இருந்தது. பனியும் இல்லை, கைத்தடமும் இல்லை. அப்பாடா என்றேன். அவர் முகம் பேயறைந்தது போல இருந்தது.

"இத்தன நாள் இங்கதான இருந்தான்," என்றார். "இன்னைக்கு எங்கடா போனான்?"

இரண்டு பேரும் மலையைத் திரும்பிப் பார்த்தோம். மலையே தெரியவில்லை, அப்படி மூடுபனி. அக்காவுக்குப் போன் போகவில்லை. என் வண்டியை எடுத்தோம்.

மூன்றாவது வளைவில் அக்காவின் கார் குறுக்கே நின்றது. முன்சக்கரத்துக்கும் விளிம்புக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தால் அதிகம். அக்கா வெளியே நின்று தன் கைகளைத் தானே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணாடி ஒரேயடியா மூடிக்கிச்சுடா," என்றாள் என்னிடம். "எங்கையி ரெண்டும் ஸ்டியரிங்லதான் இருந்துச்சு. நான் தொடைக்கல. எம்மூஞ்சிக்கு நேரா அதுவா கலைஞ்சுது. பார்த்தா முன்னாடி ரோடே இல்ல." கொஞ்சம் நிறுத்தினாள். "பக்கத்துல யாரோ சீட்டி அடிச்சாங்க."

மாமா காருக்குள் குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். நாலு விரல்.

அவர் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். "அவன் தூங்கல," என்றார். "குடிக்கவும் இல்ல. கண்ணாடி மூடிக்குதுன்னு வந்து சொன்னான், நான் சிரிச்சேன். நான்தான் கழட்டுனேன். அவன் வண்டியிலயும். ஒன் வண்டியிலயும்."

அக்கா அழவில்லை, திட்டவும் இல்லை. பனியில் அவள் முகமே எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

"இத எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?" என்றாள். "குடிகாரன் பொண்டாட்டின்னு பேரு வாங்கிட்டு ஒருத்தி மேல இருக்காளே, அவகிட்ட சொல்லுங்க. ஏறுங்க."

என் வண்டியை ஓரமாக விட்டுவிட்டோம். அவளே காரைத் திருப்பினாள். மாமா முன்னால் உட்கார்ந்தார், நான் பின்னால். மூன்று பேர் மூச்சில் கண்ணாடி மறுபடி மூடிக்கொண்டது. மாமா சட்டையைக் கழற்றி, வழிநெடுகத் துடைத்துக்கொண்டே வந்தார். அந்தக் கைத்தடத்தின் ஓரம் வந்ததும் அவர் கை நின்றுவிடும், பிறகு அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போகும். விசில் வீட்டு வாசலில் வண்டி நின்றபோதும் முள் அடியிலேயேதான் கிடந்தது. மாமா சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு முதலில் இறங்கினார்.