மேரிசெல்வி அக்காவுக்கு ஒரு ஸ்டூல்

என் அக்கா புருஷன் அந்தோணிசாமி மரக்காணம் உப்பளத்தில் முப்பது வருஷமாக உப்பு வாருகிறவர். தச்சுவேலைக்கும் அவருக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. மாதா படம் மாட்டச் சொன்னால் சுவரில் நாலு ஓட்டை போட்டுவிட்டு ஐந்தாவதில்தான் மாட்டுவார். அப்படிப்பட்ட மனிதர் போன மார்ச்சில் ஸ்டூல் செய்கிறேன் என்று கிளம்பினார்.

காரணம் அக்கா மேரிசெல்வியின் முழங்கால். அதே அளத்தில் உப்பு மூட்டைகளின் வாயைத் தைப்பது அவள் வேலை. நாளெல்லாம் குந்தியே தைக்க வேண்டும்; சாயங்காலம் மாமா வந்து கை கொடுத்துத் தூக்கிவிட்டால்தான் எழுந்திருப்பாள். இனிமேல் குந்தவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுபோய்ப் பார்த்தாள்; கால்கள் களிமண்ணில் இறங்கி ஆளைச் சாய்த்துவிட்டன. வேலையை விட்டுவிடு என்று நான்தான் சொன்னேன்.

"ஊட்ல இருந்துக்கினு சுவத்தையா தைக்கச் சொல்ற?" என்று சீறினாள். கூட்டாளி தையல்நாயகியோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே தைக்கிற அந்த இடம்தான் அவளுக்கு உயிர். அதை விடச் சொன்ன என் வாயைத்தான் முதலில் தைத்திருக்க வேண்டும்.

மாமா சிமெண்ட் தரையில் சாக்பீஸால் படம் போட்டார். சணலால் அக்காவின் முழங்கால் உயரத்தை அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டார். மண்ணில் இறங்காமலிருக்க, இரண்டிரண்டு கால்களுக்கு அடியில் அகலமாக ஒரு கட்டை. அதுவரைக்கும் சரி. பக்கத்து ஊர் பிரம்மதேசத்திலிருந்து வேப்பம்பலகை வாங்கி வந்து, பளபளவென்று புது ஆணியாக அடித்தார். கடையில் வாங்கியது மாதிரியே இருந்தது. அக்கா பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டிக் காட்டி மாய்ந்துபோனாள்.

இரண்டு மாதத்தில் உப்பு அந்த ஆணிகளைத் தின்றுவிட்டது. ஒரு நாள் கால் கழன்று அக்கா வரப்பில் விழுந்தாள். அதே முழங்காலில் அடி.

எனக்கு வந்ததே கோபம். "ஏன் மாமா, உங்க உப்புப் பலகையில ஒரு ஆணியாவது இருக்குதா?" என்று கேட்டேன். உப்பு வாரும் பலகையை மரமுளை இறக்கித்தான் பிடியோடு சேர்ப்பார்கள். இரும்பு வைத்தால் துருக்கறை உப்பில் ஏறும். இது மாமாவுக்குத் தெரியாததா? கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறார்.

"தெரியும் மச்சான். உங்கக்காவுக்குமா அளத்து சாமான் மாதிரி செஞ்சு குடுக்கறதுன்னு தோணிச்சு. கடை சாமான் மாதிரி இருக்கட்டும்னு ஆசப்பட்டுட்டேன்" என்றார். கண் கலங்கியிருந்தது.

அக்கா மூன்று வாரம் வீட்டில் கிடந்தாள். அவள் இடத்துக்கு வேறு ஆள் பார்க்கிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. மாமா ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த கையோடு கருவேல முளை சீவ உட்கார்ந்துவிடுவார். பத்து சீவினால் ஏழு பிளந்தது. பொறுமையைத் தவிர அவரிடம் வேறு சரக்கு இல்லை.

புது ஸ்டூலில் அழகு என்று சொல்ல எதுவுமில்லை. உப்புப் பலகைக்கு நாலு கால் முளைத்தது போலிருந்தது. அக்கா அதைத் தூக்கிக்கொண்டு அளத்துக்குப் போனாள். அன்று முழுக்க அதில் உட்கார்ந்தே தைத்தாள். கட்டை மண்ணில் இறங்கவில்லை, கால் ஆடவில்லை.

சாயங்காலம் மாமா ஓடிவந்து, வழக்கம்போல அவளைத் தூக்கிவிடக் கை நீட்டினார். அதற்குள் அக்கா தானாகவே எழுந்து நின்றுவிட்டாள். மாமா நீட்டிய கையை மடக்கத் தெரியாமல் நின்றார்.

அக்கா அப்புறம்தான் அந்தக் கையைப் பிடித்தாள். வீடு வந்து சேரும்வரை விடவில்லை.